சிரியஸ்: மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் அந்த நீல நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார். என்னிடம் இருப்பது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, லென்ஸுக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை. திருச்சியில் வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பல வருடங்களாகப் பார்க்கிறேன், வருகிறவர்களுக்கும் காட்டுகிறேன். ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால்தான் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ராத்திரி கிழக்கே நீலமா பளிச்சுனு ஒண்ணு மின்னுதே, அது வெள்ளிதானே?

இல்லை. வெள்ளிக் கிரகம் சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. மாலையில் தெரிந்தால் மேற்கே, விடியலில் தெரிந்தால் கிழக்கே. இருட்டிய பிறகு கிழக்கில் ஏறி வருவது வெள்ளியாக இருக்கவே முடியாது. நீங்கள் பார்ப்பது சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். சில வருடங்களில் வியாழனும் அதே நேரம் கிழக்கே நிற்கும். அது இன்னும் பிரகாசமாக, லேசான மஞ்சளில், மின்னாமல் நிற்கும்.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஓரியன் எனும் வேட்டைக்கார உருவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைத் தென்கிழக்காக நீட்டினால் சிரியஸில் போய் நிற்கும். எதிர்ப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சளான ரோகிணி, அதற்கும் அப்பால் கார்த்திகைக் கூட்டம்.

எந்த மாசம், எத்தனை மணிக்குப் பார்த்தா நல்லா இருக்கும்?

ஜனவரி முதல் வாரத்தில் மாலை ஆறரை வாக்கில் உதித்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். ஆனால் தூக்கம் கெடாமல் பார்க்க மாசி மாதம்தான் வசதி. பிப்ரவரி கடைசியில் இரவு எட்டரைக்கே உச்சியில் நிற்கும். ஜூன், ஜூலையில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆகஸ்ட்டில் விடியற்காலையில் மறுபடி கிழக்கே எட்டிப் பார்க்கும்.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. திருச்சியிலிருந்து பார்த்தால் சிரியஸ் 62 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு டிகிரி கூடுதல். லண்டன்காரருக்கு அதே நட்சத்திரம் 22 டிகிரிதான், வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போகும். இந்த உயரம் ஏன் முக்கியம் என்பது போகப் போகத் தெரியும்.

இதுக்குத் தமிழ்ல என்ன பேரு? இருபத்தேழு நட்சத்திரத்துல இது எது?

இருபத்தேழில் இது இல்லை. அந்த வரிசை நிலவின் பாதையை ஒட்டியது, சிரியஸ் அந்தப் பாதைக்கு ரொம்பவே தெற்கே கிடக்கிறது. வடமொழி நூல்களில் லுப்தகன், மிருகவியாதன் என்று பெயர், இரண்டுக்கும் வேடன் என்று பொருள். இப்போது எல்லோரும் சிரியஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் ஜாதக நட்சத்திரங்களிலேயே நீலம் வேண்டுமென்றால் மகமும் சித்திரையும் இருக்கின்றன. ஏப்ரல், மே மாலைகளில் இரண்டையும் பார்க்கலாம். மகத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை, சிறிய தொலைநோக்கியிலேயே தெரியும். சித்திரையும் இரட்டைதான். ஆனால் இரண்டும் நான்கே நாளில் ஒன்றையொன்று சுற்றி வருகிற அளவுக்கு நெருக்கம், நம் தொலைநோக்கியில் பிரியாது.

நீலம்னா குளிர்ச்சி, சிவப்புன்னா சூடு. நீங்க தலைகீழா சொல்றீங்களே?

குழாயில் பூசிய நிறம் அது. கொல்லன் பட்டறையில் நின்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகும், சூடு ஏற ஏற மஞ்சள், பிறகு வெண்மை. இன்னும் ஏற்ற முடிந்தால் நீலம் கலக்கும். திருவாதிரை நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின் (வெப்பத்தை அளக்கும் ஒரு அலகு), செம்மஞ்சள். சூரியன் 5,800. சிரியஸ் கிட்டத்தட்ட 9,900. ஓரியனின் காலில் இருக்கும் ரிகெல் சுமார் 12,000.

எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. நீலம் எங்கே இருக்கு?

உங்கள் கண்ணில் குறை ஒன்றும் இல்லை. நட்சத்திரங்களின் நீலம் இங்க் நீலம் அல்ல. வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி, வெண்மைக்குள் ஒளிந்திருக்கும். தனியாகப் பார்த்தால் வெள்ளை, பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் நீலம்.

அதனால் நான் முதலில் திருவாதிரையைக் காட்டுவேன். அரை நிமிடம் அந்தச் செம்மஞ்சளைப் பார்த்த கண்ணோடு சிரியஸுக்கோ ரிகெலுக்கோ திருப்பினால், பெரும்பாலும் "ஆமா, நீலம்!" என்பார்கள். இன்னொரு தந்திரம், ஃபோகஸைக் கொஞ்சமே கொஞ்சம் கலைப்பது. ஒரே புள்ளியில் குவிந்த ஒளி கண்ணைக் கூசவைத்து நிறத்தை அழித்துவிடுகிறது. சற்றே பரப்பினால் நிறம் மேலே வரும்.

சிவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி அடிக்குது. ட்ரோனா இருக்குமோ?

டிசம்பர் மாலைகளில் வரும் போன் அழைப்புகளில் பாதி இதுதான். ட்ரோன் அல்ல. அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளி தடித்த காற்றின் வழியே சாய்வாக வருகிறது. காற்று ஒரு மோசமான பட்டகம் போல நிறங்களைப் பிரித்து, சூடும் குளிருமான அடுக்குகள் அசைய அசைய ஒவ்வொரு நிறமாக நம் கண்ணுக்குள் தள்ளுகிறது. எல்லா நட்சத்திரங்களுக்கும் இது நடக்கிறது, ஆனால் சிரியஸ் அளவு பிரகாசம் இருந்தால்தான் நிறமாகத் தெரியும்.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், உயர ஏறியதும் ஆட்டம் அடங்கிவிடும். கிரகங்கள் இப்படி ஆடாததற்குக் காரணம் அவை சிறு வட்டுகள். வட்டின் ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் ஈடுகட்டிவிடும். நட்சத்திரம் வெறும் புள்ளி, ஈடுகட்ட ஆள் இல்லை.

டெலஸ்கோப்புல பார்த்தும் புள்ளியாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு டெலஸ்கோப்?

இதைக் கேட்கும்போது முகத்தில் ஒரு ஏமாற்றம் வரும் பாருங்கள், எனக்குப் பழகிவிட்டது. சிரியஸ் சூரியனைப் போல 1.7 மடங்கு அகலம். ஆனால் 8.6 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் அதன் வட்டு சுமார் 0.006 ஆர்க்செகண்ட் அகலமே தெரியும் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). ஹைதராபாத்தில் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிக் காட்ட, திருச்சியிலிருந்து நாம் பார்ப்பது போல. என் எட்டு அங்குலக் கண்ணாடியில் எந்த நட்சத்திரமும் ஒளியின் அலைத்தன்மையால் 1.4 ஆர்க்செகண்ட் வட்டமாகத்தான் விழும். அதற்குள் நிஜ சிரியஸை 200 முறைக்கு மேல் அடுக்கலாம். காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் சிரியஸ் புள்ளிதான்.

அப்படியானால் அளந்தது எப்படி? 1956-இல் ஹான்பரி பிரவுன், ட்விஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்தில், ராணுவத் தேடுவிளக்குகளின் இரண்டு கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டிலும் விழும் ஒளியின் துடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள். படம் எடுக்கவே இல்லை.

தொலைநோக்கி தருவது பெரிய உருவம் அல்ல. நிறம், பிரகாசம், பக்கத்தில் இருக்கும் துணை, இவைதான். போனஸாக, சிரியஸிலிருந்து 4 டிகிரி தெற்கே நகர்த்தினால் மெசியர் 41 என்ற நட்சத்திரக் கூட்டம் கிடைக்கும். புள்ளியைப் பார்த்துச் சலித்தவர்களை நான் அங்கேதான் கூட்டிப் போவேன்.

இல்லையே, நான் பார்த்தப்ப பெரிய நீல வட்டமா, நடுவுல கறுப்பா இருந்துச்சே?

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் ஐபீஸில் கண் வைத்துவிட்டு, "ஐயோ, எவ்ளோ பெரிசு! உளுந்து வடை மாதிரி இருக்கு" என்றார். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் வடை பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். அவருக்கு முன்னால் பார்த்த பையன் ஃபோகஸ் திருகை ஆசைதீரத் திருகிவிட்டுப் போயிருந்தான்.

ஃபோகஸ் கலைந்தால் ஒளி பரந்து வட்டமாகும். நடுவில் தெரியும் கறுப்பு, குழாயின் வாயருகே இருக்கும் சிறிய கண்ணாடியின் நிழல். அதாவது நீங்கள் பார்த்தது தொலைநோக்கியின் சொந்த உருவம். திருகைத் திருப்ப வட்டம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும். மிகச் சிறியதாக ஆகும் இடம்தான் சரியான ஃபோகஸ். அக்காவுக்கு அன்றைக்கு வடை போனதில் வருத்தம்தான்.

இந்த வடைக்கும் ஒரு வேலை உண்டு. துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடிகள் நேராக இல்லை என்று அர்த்தம். பின்பக்கத் திருகுகளைச் சரிசெய்த பிறகுதான் கடைசி மூன்று கேள்விகளில் வரும் வேலைக்குப் போக வேண்டும்.

நாலு பக்கமும் கூர் கூரா ஒளி நீட்டிக்கிட்டு நிக்குதே, அது நட்சத்திரத்தோட கதிரா?

அதுவும் தொலைநோக்கியின் கைவேலை. சிறிய கண்ணாடியைத் தாங்கும் தகடுகளின் ஓரத்தில் ஒளி வளைவதால் வருவது. நான்கு தகடு இருந்தால் நான்கு கூர், மூன்று இருந்தால் ஆறு. லென்ஸ் தொலைநோக்கியில் தகடே கிடையாது, கூரும் இருக்காது.

என் லென்ஸ் டெலஸ்கோப்புல சுத்தி ஊதா வளையம் தெரியுது. நீல நட்சத்திரம்னா அதானே?

இல்லை, இது போலி நீலம். விலை குறைந்த லென்ஸ்கள் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஊதா தனியாகச் சிதறி ஒளிவட்டமாக நிற்கிறது. அதே தொலைநோக்கியை நிலவின் விளிம்புக்குத் திருப்புங்கள், அங்கேயும் ஊதா தெரியும். கண்ணாடித் தொலைநோக்கியில் இந்தக் குறை இல்லை, அதில் தெரியும் லேசான நீலமே நம்பத் தகுந்தது.

இவ்வளவு பளிச்சுனு இருக்கே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?

ஆகாது. பெரிய தொலைநோக்கியில் கண் கூசும், அவ்வளவுதான். சிரியஸ் தன் தொலைநோக்கிக்குள் நுழைந்தது உதிக்கும் சூரியனைப் போல இருந்ததாகவும், கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டதாகவும் பெரிய வானியலாளரான வில்லியம் ஹெர்ஷலே எழுதியிருக்கிறார். ஆபத்து நிஜ சூரியனிடம்தான். முன்பக்கம் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் எந்தத் தொலைநோக்கியையும் திருப்பவே கூடாது.

பார்த்துக்கிட்டே இருக்கேன், ஓடிப் போயிடுதே?

ஓடுவது பூமி. 50 மடங்கு பெருக்கத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போகச் சுமார் 4 நிமிடம் எடுக்கும். 200 மடங்கில் ஒரே நிமிடம். ஓட்டத்தையும் நாம்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் நகரும் திசை மேற்கு, அது விட்டுவிட்டு வரும் பக்கம் கிழக்கு. ஐபீஸுக்குள் திசை தெரிய இதைவிட நல்ல வழி இல்லை.

போன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் பொட்டா வருது. நீலம் வர என்ன செய்யணும்?

போன் இருட்டைப் பார்த்துப் பயந்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. நட்சத்திரத்தை விரலால் அழுத்தி, பிரகாசத்தை நன்றாகக் கீழே இழுங்கள், ஃபோகஸைச் சற்றுக் கலையுங்கள். நிறம் வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது தொலைநோக்கி இல்லாத படம். சிரியஸ் உதிக்கும் நேரத்தில் போனை இரண்டு விநாடி வெளிப்பாட்டில் வைத்து, எடுக்கும்போது கையை வேண்டுமென்றே அசையுங்கள். வளைந்து நெளியும் கோட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மணிமணியாகக் கோத்திருக்கும். ட்ரோன் கேள்விக்குச் சொன்ன பதில் அப்படியே படமாக விழும்.

நாம பார்க்கிறது பழைய ஒளியாமே? இப்போ அது செத்துப் போயிருந்தா?

சிரியஸைப் பொறுத்தவரை அந்தக் கவலை வேண்டாம். எட்டரை வருடத்துக்குச் சற்றே முந்தைய ஒளி, அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிய ஒளி என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சிரியஸ் இன்னும் பல கோடி ஆண்டுகள் எரியும்.

ரிகெல் வேறு கதை. சுமார் 860 ஒளியாண்டு. இரண்டாம் இராசராசன் ஆட்சியில், தாராசுரம் கோயில் எழுந்த காலத்தில் கிளம்பிய ஒளி இன்று என் மாடியில் விழுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் இத்தனை பிரகாசம் என்றால் உண்மையில் அது எவ்வளவு பெரிய விளக்கு என்று பாருங்கள். சிரியஸ் பக்கத்துவீட்டு டியூப்லைட், ரிகெல் தூரத்து ஊரின் கலங்கரை விளக்கம்.

அந்தக் காலத்துல சிரியஸ் சிவப்பா இருந்துச்சாமே?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி இதைச் செந்நிற நட்சத்திரங்களோடு சேர்த்தது உண்மை. ஆனால் அவருக்கு முன்பே சீனாவில் வரலாற்றாசிரியர் சிமா சியன், வெண்மைக்கு உதாரணமாகவே சிரியஸைச் சொல்லியிருக்கிறார். ஒரு நட்சத்திரம் சிவப்பிலிருந்து வெள்ளையாக மாற இரண்டாயிரம் வருடம் போதவே போதாது. அடிவானத்தில் சிவப்படிக்கும் நேரத்துக் காட்சி எழுத்தில் ஏறியிருக்கலாம் என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

சிரியஸ் ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம். 1844-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸல், சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் லேசாக நெளிந்து போவதைக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இழுக்கிறது என்றார். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1862 ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் தொலைநோக்கி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்வன் கிரஹாம் கிளார்க், தாங்கள் செய்த புதிய 18.5 அங்குல லென்ஸைச் சோதிக்க சிரியஸுக்குத் திருப்பினார். பக்கத்தில் ஒரு சிறு புள்ளி. முதலில் லென்ஸில் குறையோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதுதான் சிரியஸ் பி. சூரியன் அளவு எடை, பூமி அளவு உருவம், 25,000 கெல்வின் வெப்பம். வெண்குறுமீன் என்ற வகை. இந்த வகை எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். விடை, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

என் டெலஸ்கோப்புல அந்த 'பி' தெரியுமா?

எட்டு அங்குலம் இருந்தால் முயலலாம். ஆனால் நேரே சிரியஸுக்குப் போகாதீர்கள், முதலில் ரிகெல். அதற்கும் 9.5 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு துணை உண்டு, ரிகெலைவிட நானூறு மடங்குக்கு மேல் மங்கல். 120 மடங்கு பெருக்கத்தில் அது தெளிவாகத் தெரியும் இரவுதான் சிரியஸுக்கான இரவு. ரிகெலின் துணையே தெரியவில்லையா, காற்று சரியில்லை, போய்த் தூங்கலாம்.

சிரியஸ் பி, சிரியஸைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கல். இரண்டும் 50 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. 1994 வாக்கில் மிக நெருங்கி இருந்து, 2022 வாக்கில் 11 ஆர்க்செகண்ட் வரை விலகியது. இப்போது மெல்ல மெல்ல மறுபடி நெருங்குகிறது, அதனால் இந்தச் சில வருடங்கள்தான் நல்ல வாய்ப்பு. கிளார்க்கின் ஊரில் சிரியஸ் 31 டிகிரிதான் ஏறும். நமக்கு அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுக்குக் காற்றும் மெலிது.

செய்ய வேண்டியது இது. தொலைநோக்கியை முக்கால் மணி முன்பே மாடியில் வைத்து ஆறவிடுங்கள். பகலில் காய்ந்த சிமெண்ட் தளம் ராத்திரியெல்லாம் சூடு கக்கும், சாயங்காலமே தண்ணீர் தெளித்து வையுங்கள். பெருக்கம் 200-க்கு மேல். மார்ச் மூன்றாவது வாரத்தில் சூரியன் மறையும்போதே சிரியஸ் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். வானம் முழுதும் இருட்டுவதற்குள், அந்த மங்கிய நீலத்தில் பார்த்தால் கூச்சம் குறைவு. அட்டையில் அறுகோணத் துளை வெட்டி குழாயின் வாயில் மாட்டினால் கூச்சமெல்லாம் ஆறு கூர்களாக ஒதுங்கும். அட்டையைச் சுழற்றி, இரண்டு கூர்களுக்கு நடுவே இருக்கும் இருட்டில் தேடுங்கள்.

ஒரு புள்ளி தெரிஞ்ச மாதிரி இருக்கு. அது 'பி'தானா, என் ஆசையா?

நட்சத்திரத்தை ஓடவிடுங்கள். தற்போது 'பி' கிழக்கு வடகிழக்கே இருக்கிறது. அதாவது சிரியஸ் முன்னே போக, சற்று ஒதுங்கியபடி பின்னே வரும். முன்னால் போகும் புள்ளி 'பி' அல்ல. ஐபீஸை அதன் குழாயில் சுழற்றிப் பாருங்கள், புள்ளியும் கூடவே சுழன்றால் அது ஐபீஸுக்குள் நடக்கும் பிரதிபலிப்பு. கூர்களின் மேல் உட்கார்ந்திருக்கும் முடிச்சுகளையும் நம்பாதீர்கள்.

முக்கியமாக, பார்த்ததை முதலில் நோட்டில் வரைந்துவிட்டு அதற்குப் பிறகே 'பி' இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறங்கள். என் நோட்டில் ஒரு பிப்ரவரி முழுக்க, மூன்று இரவுகள், 'பி பார்த்தேன்' என்று தேதியோடு எழுதியிருக்கிறது. புள்ளி குறித்திருப்பது சிரியஸுக்கு மேற்கே. அடுத்த வருடம் மார்ச்சில் சரியான பக்கத்தில், இரண்டு மூன்று விநாடி தெரிந்து, காணாமல் போய், மறுபடி தெரிந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கிறது.